எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம்

உன் பெட்டி இரண்டு நாளாகக் கட்டிலின் மேல் திறந்தபடி கிடக்கிறது. புது வேலைக்கு வரும் செவ்வாய்க்கிழமை விமானம் என்கிறாய். கொண்டுபோக வேண்டியவற்றைப் பெட்டிக்குள்ளும் வேண்டாதவற்றைத் தரையிலும் போட்டிருந்தாய். தரையில் கிடந்ததில் பதினொரு டீ-ஷர்ட்டுகள் இருந்தன. எல்லாமே உங்கள் ரூபி கூட்டங்களில் கொடுத்தவை, நெஞ்சில் சிவப்புக் கல் படம் போட்டவை. "தக்காளி கிரேடு தொடைக்க ஆகும்மா" என்று சொல்லிவிட்டு நீ குளிக்கப் போனாய். நான் அவற்றைத் துவைத்துக் காயவைத்து மடித்து என் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். அதைச் செய்யும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வருத்தமாக இருந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். ஒரு வருடமாகவே எனக்கு இப்படித்தான் இருக்கிறது. நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தால், கால் தரையில்தான் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அப்படி.

நீயும் உன் அப்பாவும் போன வருடம் ஆவணியிலிருந்து சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. "மோட்டார் போட்டாச்சா?" "போட்டாச்சு." "பஸ் வந்துருச்சா?" "ம்." அவ்வளவுதான். அவர் உன்மேல் கோபமாக இருக்கிறார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த நினைப்போடு விமானம் ஏறினால் அது அங்கே போய் இன்னும் கெட்டிப்பட்டுவிடும். அது உண்மையில்லை. ஏன் உண்மையில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியாது. நேரில் சொல்ல மூன்று முறை உன் அறை வாசல் வரை வந்தேன். ஒவ்வொரு முறையும் "சாப்புட வா சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். எழுத உட்கார்ந்தால் வருகிறது. உன்னோடு சேர்ந்து கூட்டம் நடத்திய நந்தினியிடமும் ஒரு நகல் கொடுக்கப்போகிறேன். அந்தப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கட்டும். அவர்களும் நடந்ததில் பாதியைத்தான் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

நான் பள்ளியில் முதல் பெஞ்சுக்காரி என்று உனக்குத் தெரியும். பாடப்புத்தகம் முடிந்து, ஊர் நூலகத்து அலமாரி முடிந்து, கடைசியில் கடலை மடித்து வந்த தாளைக்கூட விரித்துப் படிப்பேன். பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்தார்கள். படிப்பு நின்றது, அந்தப் பழக்கம் நிற்கவில்லை. எழுத்தில் இருந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. நீ நான்காம் வகுப்பில் இருந்தபோது ஒரு வகுத்தல் கணக்கு வந்தது. முந்நூற்று எண்பத்து நான்கு மாங்காய்களை எட்டுக் கூடையில் சமமாகப் போட்டால் ஒரு கூடைக்கு எத்தனை. நீ நாற்பத்தெட்டு என்று எழுதினாய். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை நாற்பத்தாறு என்று இருந்தது. நான் அடித்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன். நான்கு முறை போட்டாய், நான்கு முறையும் நாற்பத்தெட்டு. ஐந்தாம் முறை அழுதுகொண்டே நாற்பத்தாறு என்று எழுதினாய். நான் சரி என்று குறி போட்டேன்.

உன் அப்பா அப்போதுதான் நம் தக்காளிக் காட்டிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். "எட்டு அம்பது நானூறு. அதுல பதினாறு கொறையுது. கூடைக்கு ரெண்டு. நாப்பத்தெட்டுதான? பையன் சரியாத்தான போட்டான்?" என்றார். "புஸ்தகத்துல நாப்பத்தாறுன்னு போட்ருக்குதுங்க" என்றேன். "அப்ப கூடைக்கு ரெண்டு மாங்காய புஸ்தகம் போட்டவன் தின்னுட்டான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நீ அழுகையோடு சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. மறுநாள் உன் ஆசிரியை அது அச்சுப் பிழை என்று சொல்லியனுப்பினார். "போவட்டும் உடு" என்று உன்னிடம் சொன்னேன். நான்தான் தப்பு என்று சொல்லவில்லை. அப்போது அதைச் சொல்லிப் பழகியிருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

பெங்களூரு கணினி வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆனபிறகு, காரிமங்கலத்திலிருந்து அதே மாதிரி வேலை செய்துகொண்டிருந்த நந்தினியும் நீயும் சேர்ந்து அந்தக் கூட்டத்தை ஆரம்பித்தீர்கள். தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டியூஷன் சென்டர் மாடி, மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மதியம். "ஆளே வரலன்னா பெஞ்சு காலியா தெரியும்மா, நீ வந்து உக்காந்துக்கோ" என்று என்னை அழைத்துப் போனாய். முதல் கூட்டத்தில் என்னோடு சேர்த்து ஐந்து பேர். வாசலில் ஒட்டுத்தாளும் பேனாவும் வைத்திருந்தீர்கள். பெயரையும், அதன் கீழே என்ன வேலை என்பதையும் எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நான் "தக்காளி" என்று எழுதினேன். நந்தினி பார்த்துவிட்டு, "அம்மா, எங்க எல்லாரு வேலையையும் விட இதுதாம்மா பாத்த ஒடனே புரியுது" என்றாள். முதல்முறை வந்தவர்கள் கையைத் தூக்கச் சொன்னாள். ஐந்து பேருமே தூக்கினோம். எங்களுக்கு நாங்களே கைதட்டிக்கொண்டோம்.

நான் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். புரிந்ததும் புரியாததும் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். ரூபி என்பது கணினிக்கு எழுதும் மொழி. ரெயில்ஸ் என்பது அந்த மொழியில் இணையதளம் கட்டுவதற்குத் தயாராகக் கிடைக்கும் சட்டகம், வீடு கட்டுவதற்கு முன்னால் தூணும் உத்திரமும் நிற்கிற மாதிரி. வேறு சில மொழிகளில் தப்பாக எழுதினால் ஆரம்பத்திலேயே ஓடமாட்டேன் என்று நின்றுவிடுமாம். "இது அப்படி இல்லம்மா. நாம எழுதனத நம்பி ஓட ஆரம்பிச்சிடும். அந்த எடத்துக்குப் போனாத்தான் தப்பு தெரியும்" என்று நந்தினி சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நம்புற மொழியா? பாவம்" என்றார்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி அரை மணி நேரம். "நான் உடைச்சது" என்று அதற்குப் பெயர். யார் வேண்டுமானாலும் முன்னால் போய், தன் வேலையில் தான் கெடுத்த ஒன்றை ஐந்து நிமிடத்தில் சொல்லலாம். அதியமான்கோட்டையிலிருந்து வரும் கார்த்தி ஒருமுறை பேசினான். ஒரு கல்யாண மண்டபத்துக்கு அவன் இணையதளம் செய்து கொடுத்திருக்கிறான். முடிந்துபோன பதிவுகளை நீக்கப் போய், வரப்போகிற பதிவுகளை நீக்கிவிட்டான். எல்லார் கைபேசிக்கும் "உங்கள் பதிவு ரத்து" என்று செய்தி போய்விட்டது. "ஒரே நாள்ல நாப்பது கல்யாணத்த நிறுத்துனவன் நானு. எனக்கு மட்டும் ஏன் பொண்ணு அமையலன்னு இப்ப தெரியுதா?" என்றான். சிரித்து முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். தப்பைச் சொன்னதற்குக் கைதட்டலா என்று நான் சுற்றிலும் பார்த்தேன். பிறகு நந்தினி எழுந்து, ஒவ்வொருவரிடமும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டாள். "எந்த எடத்துல நிறுத்தியிருக்கலாம்?" அங்கே யார் செய்தது என்று கேட்பதில்லை. யார் என்று கேட்டால் மறைப்பார்கள், எங்கே என்று கேட்டால் தேடுவார்கள் என்று அவள் விளக்கினாள். நோட்டில் அந்த வரியின் கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நேற்று எடுத்துப் பார்த்தேன், மை கொஞ்சம் பரவியிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் நீ தக்காளி விலைக்காக ஒன்றைக் கட்டினாய். பாலக்கோடு மார்க்கெட்டில் அன்றைய விலை என்ன என்று தெரியாமலே பறித்துக்கொண்டு போய் நிற்கிறோம், முந்தைய நாள் விலையாவது தெரிந்தால் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம் என்று நீ சொன்னாய். உன் அப்பா தினமும் காலையில் மார்க்கெட் வாசலிலிருந்து உனக்குப் போன் செய்து விலையைச் சொல்வார். நீ அதை உன் இணையப் பக்கத்தில் போடுவாய். நம் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் பெயர் கொடுத்தவர்கள் எல்லார் கைபேசிக்கும் செய்தி போகும். முதல் முதலாகப் பெயர் கொடுத்தவர் நம் பக்கத்துக் காட்டு முனியப்பன். "அண்ணன் வாயால சொல்ற வெல, தம்பி வெரலால வருது" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த நாட்களில் உன் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டுதான் மார்க்கெட்டுக்குப் போனார். நீ கவனித்தாயா என்று தெரியவில்லை.

இனி அந்த ஆவணிச் சனிக்கிழமை. உன் பக்கம் நடந்ததை நீ பலமுறை சொல்லிவிட்டாய். முப்பது பேர் வந்திருந்தார்கள். சேலத்திலிருந்தும் பெங்களூருவிலிருந்தும்கூட ஆள் வந்திருந்தது. நீ கட்டியதை முதல்முறையாக அவர்களுக்குக் காட்டினாய். அதில் பழகுவதற்கு ஒரு நகல் உண்டு, நிஜம் ஒன்று உண்டு. பழகும் நகலில் உன் எண் ஒன்று மட்டும்தான், நிஜத்தில் உன்னோடு சேர்த்துப் பெயர் கொடுத்த எல்லாருடைய எண்ணும். இரண்டும் உன் கணினியில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி திறந்திருந்தன. "வெல வந்ததும் இங்க போடுவேன், பாருங்க" என்று சொல்லி வாயில் வந்த எண்ணாக எழுபத்திரண்டு என்று அடித்தாய். அனுப்பு என்பதை அழுத்தினாய். உன் கைபேசியில் செய்தி வந்தது. தூக்கிக் காட்டினாய். எல்லாரும் கைதட்டினார்கள். நீ அடித்தது நிஜத்தில். நிஜத்தின் மேல்விளிம்பில் ஒரு சிவப்புப் பட்டை போட்டு வைத்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்கும், அதைக்கூடச் செய்யவில்லை என்று நீ இந்த ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அது உன் பக்கம். சரிதான். ஆனால் அது அங்கே முடியவில்லை.

நீ கைபேசியைத் தூக்கிக் காட்டிய அதே நேரத்தில் என் பைக்குள்ளும் செய்தி வந்தது. பார்த்தேன். பாலக்கோடு தக்காளி, கிலோ எழுபத்திரண்டு. பழகும் நகல் என்று ஒன்று உண்டு என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. எழுத்தில் வந்திருக்கிறது, மகன் போட்டிருக்கிறான், முப்பது பேர் கைதட்டுகிறார்கள். பிறகு உன் அப்பா போன் செய்தார். மூன்று இருபது. உன் கூட்டத்துக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று வெளியே வந்து படிக்கட்டில் நின்று பேசினேன்.

"பையன் பக்கத்துல இருக்கானா?"

"முன்னால நின்னு பேசிட்டிருக்கானுங்க. என்னாங்க?"

"எழுவத்திரண்டுன்னு வந்திருக்குதே. காலைல நா பதினாலுன்னுதான சொன்னேன்? நா சொல்லாத வெல எப்படிப் போச்சு?"

"நீங்க சொல்லலன்னா வேற யாராச்சும் சொல்லியிருப்பாங்க. வெளியூரு வண்டி வந்திருக்கும். பேப்பர்ல கூட வடக்க மழைன்னு போட்ருந்தானுங்க."

"வண்டி வந்தா எனக்குத் தெரியாதா? மத்தியானம் வரைக்கும் அங்கதான இருந்தேன்."

"இங்க முப்பது பேரு பாத்துக் கை தட்டறாங்க. எல்லாம் படிச்சவங்க. தப்பா இருந்தா ஒருத்தராச்சும் சொல்ல மாட்டாங்களா?"

"அவங்கள்ல யாரு தக்காளி வித்தது?"

எனக்குக் கோபம் வந்தது. உள்ளே உனக்குக் கைதட்டிக்கொண்டிருக்கும்போது இவர் இப்படிப் பேசுகிறாரே என்று இருந்தது. "உங்களுக்கு எப்பவும் இதே சந்தேகந்தான். அவன் போட்ட வெலய வூட்லயே நம்பலன்னா வெளிய எவன் நம்புவான்? பொழுது போறதுக்குள்ள ஆள வெச்சுப் பறிங்க. முனியப்பன் வூட்டுக்கும் சொல்லிருங்க" என்றேன்.

பிறகு, "அவன ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லு" என்றார்.

"நடுவுல போயி எப்படிங்க கேக்கறது? எல்லாரும் பாப்பாங்க."

"செரி" என்று வைத்துவிட்டார்.

நான் திரும்ப வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். உனக்கும் எனக்கும் நடுவே எட்டடி இருந்திருக்கும். கையைத் தூக்கியிருக்கலாம். ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம், மடியில் நோட்டும் பேனாவும் இருந்தன. நீ கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் அதை எல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மூன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். எழுத்து குண்டுகுண்டாக அழகாக இருக்கிறது.

கூட்டம் முடிந்து நீ நண்பர்களோடு தருமபுரியிலேயே தங்கிவிட்டாய். கூட்டத்துக்காகச் சத்தத்தை நிறுத்திய கைபேசியை மறுநாள் வரை நீ பார்க்கவில்லை. நான் பஸ்ஸில் திரும்பினேன். காட்டில் ஆட்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். முனியப்பன் காட்டிலும் அப்படியே. பழுத்தது மட்டுமல்ல, இன்னும் பத்து நாள் செடியில் இருக்க வேண்டிய காயும் கூடைக்குள் விழுந்துகொண்டிருந்தது. நானும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். உனக்குப் போன் செய்யலாமா என்று உன் அப்பா இன்னொரு முறை கேட்டார். காலையில் அவனே வந்து பார்த்து ஆச்சரியப்படட்டும் என்றேன். நிறுத்தியிருக்கக்கூடிய இரண்டாவது இடம் இது.

மறுநாள் காலை நீ பஸ்ஸிலிருந்து இறங்கி, மார்க்கெட் வாசலில் டிராக்டர்கள் நிற்பதைப் பார்த்து, "இன்னிக்கு என்னங்க இவ்ளோ கூட்டம்?" என்று யாரையோ கேட்டதும், அவர் "நீதான தம்பி எழுவத்திரண்டுன்னு போட்ட" என்று சொன்னதும் எனக்கு நீ சொல்லித்தான் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை நானும் பார்த்தேன். வியாபாரிகள் காயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார்கள். ஓரளவு வந்த விலைக்குப் போயிற்று. மிச்சம் சாலையோரத்தில் கொட்டப்பட்டது. பச்சையாக இருந்ததால் மாடுகூட முகர்ந்துவிட்டுப் போனது. நீ கிரேடுகளுக்கு நடுவே நின்று ஒவ்வொருவரிடமும் "என்மேலதாங்க தப்பு, என்மேலதாங்க தப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். முனியப்பன் உன்னைப் பார்க்கவில்லை. உன் அப்பாவிடம் வந்தார்.

"ஏண்ணா, தெனமும் வெல சொல்றவரே நீங்கதான. உங்களுக்குத் தெரியாம ஒரு வெலயா? எந்த ஊரு மார்க்கெட்டுண்ணா அது, நாங்களும் ஒருக்கா போயிப் பாத்துட்டு வர்றோம்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். உன் அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "பையன ஒண்ணும் சொல்லாதீங்க. பறிக்கச் சொன்னது நானு" என்றார். நான் மூன்றடி தள்ளி நின்றேன். ஒரு கிரேடு சாய்ந்திருந்தது, அதை நிமிர்த்தி வைத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்று பலமுறை யோசித்துவிட்டேன். தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நீ அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாய். "உடு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றோடு அவர் சலவைச் சட்டை போடுவதை நிறுத்தினார். நீ விலைச் செய்தியை நிறுத்தினாய். கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினாய். நந்தினி இரண்டு முறை வீடு வரை வந்து, "நீ வந்து சொல்லுடா, எல்லாரும் உடைச்சவங்கதான்" என்று கூப்பிட்டாள். "கல்யாண மண்டபம் மாதிரி சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்ல இது" என்று சொல்லி அனுப்பினாய். நான் அவளுக்குக் காபி கொடுத்தேன். உனக்கு உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சமைத்தேன், எனக்கு ருசி தெரியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். முழுப் பழியையும் நீயே எடுத்துக்கொண்டாய், எனக்கென்று எதுவும் மிச்சம் வைக்கவில்லை, அது எனக்கு வசதியாக இருந்தது. இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

போன வாரம் நீ பெட்டியை வாங்கிக்கொண்டு வந்த அன்று சாயந்தரம், மோட்டார் கொட்டகையில் உன் அப்பாவிடம் கேட்டேன். "அவன் போறான். ஒரு வார்த்த பேசக்கூடாதா? அவன்மேல என்னங்க கோவம்?"

அவர் மோட்டாருக்கு மேலே ஒட்டியிருந்த சிலந்திக் கூட்டைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தார். "அவன்மேல எனக்கென்னா கோவம். கைதவறி ஒண்ணு அடிச்சுட்டான்" என்றார்.

"அப்பறம் ஏன் பேசறதில்ல?"

"பேசுனா அவன் அதயேதான் பேசுவான். என்னால தான்ப்பா, என்னால தான்ப்பாம்பான். இல்லடா, நா போன் பண்ணிக் கேட்டேன்னு எனக்கு வாய்க்கு வந்துரும். அப்பறம் உம்பேரு வரும்." குச்சியைக் கீழே போட்டார். "புள்ளைக்குப் பெத்தவமேல நம்பிக்க இருக்கணும். அதான்."

பன்னிரண்டு மாதம் அவர் உன்னோடு பேசாமல் இருந்தது என்னைக் காப்பாற்றத்தான். அதைக் கேட்டபோதும் எனக்கு அழுகை வரவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு இருவரும் வீட்டுக்கு நடந்து வந்தோம்.

நேற்று முனியப்பன் வீட்டுக்குப் போனேன். ஒரு வருடமாக அந்த வாசலை மிதிக்கவில்லை. பறிக்கச் சொன்னது நான்தான், வீட்டுக்காரர் பையனைக் கேட்கச் சொல்லியும் நான் கேட்கவில்லை என்று நின்றபடியே சொன்னேன். முனியப்பன் பீடியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க அண்ணி, அன்னிக்கே சொல்லியிருந்தா நல்லாத் திட்டியிருப்பன். ஒரு வருஷம் கழிச்சு வந்து நிக்கறீங்க. அந்தக் கோவத்த இப்ப நா எங்க போயித் தேடறது?" என்றார். பிறகு, "அண்ணனப் போயி அத்தன பேரு முன்னால பேசிட்டேன்" என்றார். நான் திரும்பி வரும்போது அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி ஒன்றும் இல்லை. போகிற ஊரில் நிஜத்தின் மேல் சிவப்புப் பட்டை போடு, அது உனக்கே தெரியும். ஒருவர் "நா சொல்லாதது எப்படிப் போச்சு" என்று கேட்டால், திரையில் என்ன இருந்தாலும், அந்த ஆளை நம்பி ஒரு நிமிடம் நில். உன் தப்பை எடுத்துக்கொள், ஆனால் உன் பங்கு அளவுக்கு மட்டும். அதற்கு மேல் தூக்கிக்கொண்டால் அடுத்தவர் தன் பங்கை இறக்கிவைக்க இடமில்லாமல் போய்விடும். நேரத்துக்குச் சாப்பிடு.

இந்தச் சனிக்கிழமை இரண்டாவது சனிக்கிழமை. நந்தினியின் இணையப் பக்கத்தில், பேச விரும்புகிறவர்கள் நிரப்புவதற்கு ஒரு படிவம் இருக்கிறது. முந்தாநாள் உட்கார்ந்து நிரப்பினேன். பெயர். முன்பு பேசியிருக்கிறீர்களா, இல்லை. திரை வேண்டுமா, வேண்டாம். எந்தப் பகுதியில் பேச விருப்பம், "நான் உடைச்சது". அனுப்பிய கால் மணி நேரத்தில் நந்தினி போன் செய்தாள். "அம்மா! நீங்க என்னம்மா உடைச்சீங்க? மிக்ஸியா?" என்று சிரித்தாள். "வந்து சொல்றேம்மா" என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டாள். ஐந்து நிமிடத்துக்கு அடங்குகிற மாதிரி எழுத ஆரம்பித்ததுதான் இது. அடங்கவில்லை. அங்கே சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அப்பாவிடம் சொன்னேன். "அஞ்சு நிமிஷம் பேச ரெண்டு பஸ்ஸு மாறிப் போவணுமா?" என்றார். பிறகு, தான் வந்தால் உள்ளே விடுவார்களா என்று கேட்டார். வாசலில் பெயரெழுதி ஒட்டிக்கொண்டால் போதும், கீழே என்ன வேலை என்று எழுத வேண்டும் என்றேன். "வெல சொல்றவருன்னு நீயே எழுதிரு" என்றார். இன்று காலையில் சலவைக்காரரிடம் ஒரு சட்டை போயிருக்கிறது.

நீ வரவேண்டும் சாமி. பின்னால் நிற்காதே, அவர் பக்கத்தில் முதல் பெஞ்சில் உட்கார். நான் பேசி முடித்ததும் யாரும் கைதட்ட வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன், தட்டினாலும் தட்டட்டும். வழக்கமாக நந்தினி எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்பாள். இந்த முறை அவள் உட்கார்ந்திருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்று நீ எழுந்து என்னைக் கேள். மூன்று இருபது, வெளியே, படிக்கட்டில் என்று நான் சொல்கிறேன். உன் அப்பாவும் கேட்கட்டும்.